நாயைத் துரத்தாதீர்கள்

கேள்வி: நாயின் கண்ணில் புழு நெளிகிறது. தடவிக் கொடுத்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ஒட்டாது. தெலாசியா என்ற இந்தப் புழுவுக்கு ஈதான் வண்டி. கண்ணீரைக் குடிக்க வரும் ஈ, புழுவின் குஞ்சுகளையும் சேர்த்து விழுங்குகிறது. அவை அதன் உடம்புக்குள் சில வாரம் வளர்ந்து, அடுத்து அது உட்காரும் கண்ணில் இறங்குகின்றன. 2016-ல் அமெரிக்காவின் ஓரிகனில் ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து 14 புழுக்களை எடுத்தார்கள். அரை அங்குலம்கூட இல்லாத, நூல் போன்ற புழுக்கள். அது மாட்டுக்கு வரும் வகை. ‘ஈதான் காரணமென்றால் நாய்க்கு எதற்கு வைத்தியம்?’ என்பீர்கள். ஈ புழுவை எடுப்பதே நோயுற்ற கண்ணிலிருந்துதானே! ஐரோப்பாவில் நாய்ப்புழுவை நரியும் ஓநாயும் சுமக்கின்றன. அவற்றைப் பிடித்து மருந்து கொடுப்பது நடக்கிற காரியமா? வீட்டு நாய்க்குக் கொடுக்கலாம். விட்டுவிட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே கெடலாம். இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.