நலம் விசாரிக்க வருபவர்கள்

கேள்வி: மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயத்தைப் பதிவு செய்ய லிஸ்பனிலிருந்தெல்லாம் வருகிறார்களே, எங்கள் சோனகத் தமிழைக் கேட்க ஏன் ஒருவரையும் காணோம்?
– வாசகர், வரிப்பத்தான்சேனை

பதில்: சந்தோஷப்படுங்கள் காக்கா! மொழி படுக்கையில் விழுந்த பிறகுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஓரஞ்சுப் பழத்தோடு வருவார்கள். உங்கள் ஊரில் மீன் பேரம் முதல் குத்பா வரை தமிழ் திடகாத்திரமாக நடமாடுகிறது.

பறங்கியர் வீட்டு நிலைமை வேறு. பிள்ளைகள் தமிழுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். 1970களில் அங்கே ஆய்வு செய்த இயன் ஸ்மித் கண்டது வேடிக்கையானது: சொல் போர்த்துக்கேயம், வாக்கிய அமைப்போ தமிழ்! வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வருகிறது. லிஸ்பனில் பெயருக்கு முன்னால் கம்பீரமாக நிற்கும் 'பாரா', இங்கே 'ப' என்று தேய்ந்து, பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு நம் 'கு'வின் வேலையைப் பார்க்கிறது. கோட்டை கட்டி ஆண்டவர்களின் மொழியை அடுத்த வீட்டுத் தமிழ் சத்தமில்லாமல் வளைத்துப்போட்டிருக்கிறது.

அப்புறம், ஒருவருமே இல்லை என்று சொல்லாதீர்கள். கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் மொழியியலாளர்தான். அதற்கு மேலும் ஆள் வேண்டுமென்றால் கைபேசியை எடுங்கள். மூத்தம்மாவின் பேச்சை இன்றைக்கே பதிந்து வையுங்கள்.