தட்டுங்கள், திறக்காது

போன வாரம் வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் கோலா உருண்டையோடு சாப்பாட்டை முடித்துவிட்டுக் கல்லாவுக்கு வந்தேன். கை ஈரம்கூடக் காயவில்லை. பணம் கொடுத்தாயிற்று, மீதி வாங்கியாயிற்று. விடவில்லை. கல்லாத் தம்பி ஒரு பிளாஸ்டிக் அட்டையை முன்னால் நகர்த்தி, "அண்ணே, போனை இதுல ஒரு தட்டு தட்டுங்க. அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டவன் ஏப்பம் விட்டாலே அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்ட ஊர் இது.

தட்டினேன். ஒன்றும் வரவில்லை. "அங்கிட்டு இல்லண்ணே, கேமரா பக்கம்." இங்கிட்டுத் தட்டினேன். வரவில்லை. ஒரு போனுக்கு ஆன்டெனா நடு முதுகில், இன்னொன்றுக்குக் கேமராவுக்குக் கீழே, ஐபோனுக்கு உச்சந்தலையில். எல்லாம் நாலு சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் பேச்சுவார்த்தையே. உரம் விழுந்த பிள்ளைக்கு எண்ணெய் நீவுவதுபோல அட்டையின் மேல் போனை நீவிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் நிற்பவர், "என்ன சார், காசு குறையுதா?" என்கிறார்.

போனைத் தட்டினால் பேசும் இந்த என்எஃப்சி சங்கதியால் உருப்படியாக ஒரு காரியம் நடக்கும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு அடுப்படியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்கா மகன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு சுருள் என்எஃப்சி ஸ்டிக்கர் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் காசு அளவு வட்டம். "மாமா, டப்பாவுல ஒட்டிட்டுப் போனைத் தட்டுனா உள்ள என்ன இருக்கு, எப்ப வாங்குனதுன்னு எல்லாம் வரும்." டப்பாவைத் திறந்தாலும் தெரியும் என்றேன். அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

துவரம் பருப்பில் ஆரம்பித்தான். ஒட்டினான், தட்டினான், போன் ஊமையாக இருந்தது. காரணம் டப்பா எவர்சில்வர். ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாதாம். போனிலிருந்து வரும் காந்தப்புலம்தான் அதற்குச் சோறு. பின்னால் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி அந்தப் புலத்தையே அமுக்கிவிடுமாம். ஃபெரைட் தாள் வைத்த தனி ஸ்டிக்கர் இருக்கிறதாம், விலை கூடவாம். மதுரையில் ஒரு அடுப்படிக்குள் நுழைந்து, எவர்சில்வரில் வேலை செய்யாத ஒன்றை ஒட்டுகிறேன் என்பவனுக்கு என்ன பதில் சொல்வது?

எவர்சில்வருக்கு எதற்கய்யா ஸ்டிக்கர்? பேர் வெட்டுவது என்று ஒன்று இருக்கிறதே! புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் வாங்கிய தூக்குச்சட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன, சட்டி போகவில்லை. அதில் பெரியம்மா பெயர், ஊர், கல்யாணத் தேதி எல்லாம் வெட்டியிருக்கும். படிக்கப் போன் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், ஆன்டெனாவைத் தேட வேண்டாம். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பளிச்சென்று தெரியும். ரசத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போன சட்டி, ஒரு வருஷம் கழித்து அவர்கள் அலமாரியில் பாசிப்பயறோடு இருந்ததை என் மனைவி பேரைக் காட்டித்தான் மீட்டு வந்தாள். எந்தச் சிப் இதைச் செய்யும்?

அவன் சளைக்கவில்லை. பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாறினான். இப்போது வேலை செய்தது. "தமிழ்ல எழுதுப்பா, எனக்குப் புரியணும்ல" என்றாள் மனைவி. அங்கேதான் அடுத்த வில்லங்கம். அவன் வாங்கிவந்த ரகத்தில் எழுத மொத்தமே 144 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். நமக்கு 'ம' என்றால் மூன்று, அதற்கு மேல் கொம்போ சுழியோ போட்டால் இன்னொரு மூன்று. 'மீனாட்சி' என்று எழுத 24 பைட். இங்கிலீஷில் எழுதினால் 9. புள்ளிக்கே மூன்று பைட், ஐயா! பேர் வெட்டுகிறவர்கூட எழுத்துக்குத்தான் காசு கேட்பார், புள்ளிக்குக் கேட்டதில்லை. துவரம் பருப்பு, வாங்கிய கடை, தேதி, 'வெயிலில் காயவைக்கவும்' என்று எழுதப் போனால், 'காய'வோடு சிப் நிரம்பிவிடுகிறது.

தட்டினால் எல்லாம் வரும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவிவிட்டது. கப்பலூர் சுங்கச்சாவடியில் சித்தப்பா, பாக்கி எவ்வளவு என்று பார்க்கக் கார்க் கண்ணாடியின் ஃபாஸ்டேக்கில் போனை வைத்து அழுத்தினார். அது வேறு குலம். அது பேசுவது 865 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, பல மீட்டர் தூரத்துக் கருவியோடு. போன் பேசுவது 13.56 மெகாஹெர்ட்ஸில். ஒன்றுக்கொன்று முகங்கொடுத்துப் பேசாது. 2022-ல், கண்ணாடி துடைக்கும் பையன் கைக்கடிகாரத்தைக் காட்டி ஃபாஸ்டேக் பணத்தை உருவுகிறான் என்று ஒரு வீடியோ சுற்றியது. பொய் என்று அரசாங்கமே சொன்னது. சித்தப்பா இன்னும் நம்பவில்லை. கண்ணாடி துடைக்க வருபவர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறார். அழுக்குக் கண்ணாடியோடு கார் ஓடுகிறது.

உருப்படியான அந்தக் காரியத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. இன்னொரு சமயம் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கரில் எழுதியதைப் பூட்டாமல் விட்டால் எவரும் தன் போனால் அழித்து வேறு எழுதலாம். பூட்டிவிட்டால் எழுதியவரே மாற்ற முடியாது. அதனால் பூட்டுவதற்கு முன் தயவுசெய்து எழுத்துப்பிழை பாருங்கள். எங்கள் வீட்டில் வெந்தயம் இனி என்றைக்கும் 'வெநதயம்'தான். மூன்று பைட் மிச்சம்.