கமலா ஆரஞ்சு அழியாமை விதி: பினாங்கு ஃபிளாட் ஒன்றின் மூன்றாம் மாடியை முன்வைத்து ஓர் ஆய்வு

சீனப் புத்தாண்டின்போது பினாங்கில் ஒருவர் இன்னொருவர் வீட்டுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டுபோகிறார். அவர் புறப்படும்போது அந்த வீட்டார் இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டில் இரண்டு போனால் பூச்சியம். இது மூன்றாம் வகுப்புக் கணக்கு. இருந்தும் படித்தவர், பட்டம் பெற்றவர், வங்கியில் கணக்கு எழுதுபவர் என எல்லோருமே பதினைந்து நாள் இந்தப் பூச்சியத்தைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றுகிறார்கள். இது ஏன் என்று இதுவரை எந்த அறிஞரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் அவர்கள் வாயில் சுளை இருந்திருக்கலாம் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

முதலில் சொல்லாராய்ச்சி. தமிழ்நாட்டில் கமலா ஆரஞ்சு என்பார்களே, தோல் தளர்ந்து, உரித்தால் சுளை சுளையாக வருவது, அந்த இனம்தான் இது. கான்டனீஸ் மொழியில் பழத்துக்கும் ‘கம்’, தங்கத்துக்கும் ‘கம்’. தியோச்சு மொழியிலோ அதன் பெயரைச் சொன்னால் ‘பெரும் பாக்கியம்’ என்று காதில் விழும். தியோச்சு மக்களின் ஊர் குவாங்டோங் மாநிலத்தின் கிழக்குக் கரை. சுவாத்தோ துறைமுகத்தில் கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்தவர்கள், பழம் மாற்றும் பழக்கத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பழமும் பின்னாலேயே வந்தது. இன்றும் ஃபூஜியன் மாநிலத்து யோங்சுன் பகுதியிலிருந்து ‘லோகாம்’ பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, பேரங்காடி வாசலில் சுவர்போல அடுக்கப்படுகிறது. கொடுத்தால் இரட்டைப்படையாகக் கொடுக்கவேண்டும். ஆனால் நான்கு கூடாது. நான்கு என்ற சொல் சாவு என்ற சொல்லுக்குப் பக்கத்து வீடு.

இனி ஆய்வு முறை. ஒரே பழம் எத்தனை வீடு ஏறி இறங்குகிறது என்று அறிய, இரண்டு பழங்களின் காம்போரத்தில் ‘அ’, ‘ஆ’ என்று எழுதினேன். பந்துமுனைப் பேனா அந்த எண்ணெய்த் தோலில் வழுக்கும், எழுதாது. பெட்டி மீது எழுதும் தடித்த மார்க்கர்தான் சரி. இரண்டையும் சிவப்புப் பையில் போட்டு எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். “கியோங் ஹீ ஹுவாட் சாய், தம்பி!” என்றவர், புறப்படும்போது சமையலறையிலிருந்து வேறு இரண்டு பழம் எடுத்துவந்து அதே பையில் போட்டுத் திருப்பினார். ஆய்வுப் பொருள் சுழற்சியில் இறங்கிவிட்டது.

மறுநாளே ‘அ’ ஆன்ட்டியின் தம்பியைப் பார்க்க, பாலத்துக்கு அப்பாலுள்ள புக்கிட் மெர்தாஜாம் போனது. 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். ஆன்ட்டியின் தம்பி மகள் வழியாகத் திரும்பி வந்தபோது, பழம் பாலத்தில் மட்டுமே 27 கிலோமீட்டர் போய்வந்திருந்தது. காரைவிட்டு இறங்காமலே இருந்திருந்தால் அதற்கு வேலை மிச்சம்.

ஒன்பதாம் நாள் அது எனக்கே வந்து சேர்ந்தது. அன்று பினாங்கு ஹொக்கியன் மக்களுக்குப் புத்தாண்டைவிடப் பெரிய நாள், தீ கோங் சே, அதாவது மேலுலகப் பேரரசரின் பிறந்தநாள். ஒருகாலத்தில் அவர்களின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார்களாம். அதற்கு நன்றியாக மேசையின் இருபுறமும் முழுக் கரும்பு கட்டுவார்கள். பொங்கல் கரும்பு தின்று முடித்த தமிழனுக்குச் சில வாரத்தில் மறுபடி கரும்பு கிடைக்கும் ஊர் இது. ஆன்ட்டி அனுப்பிய தட்டில் கரும்புத் துண்டும் பழங்களும் இருந்தன. தட்டு நிறையவில்லை என்று ஓரத்தில் சொருகியதுபோல் ‘அ’.

தட்டைக் கொண்டுவந்த அங்கிள் உடனே போகவில்லை. எழுத்தைச் சுட்டி, “இது உங்க ஊர் நம்பரா? எத்தனை?” என்றார். எழுத்து என்றேன். நம்பவில்லை. தமிழ் எண்களில் எட்டை ‘அ’ போலவே எழுதுவார்கள் என்று, அறிவாளியாகத் தெரியும் ஆசையில் சொல்லிவிட்டேன். சீனர்களுக்கு எட்டு என்றால் செல்வம். அன்று மாலையே அவர் நாலு நம்பர் கடைக்குப் போய் நான்கு எட்டுகளில் பணம் கட்டினார். குலுக்கல் முடிவு இவ்வாய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது. அதற்குப்பின் அங்கிள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

விதிவிலக்கு இல்லாத விதி இல்லை. நமக்கு அது வடசீன நகரமான ஹார்பினிலிருந்து வந்தது. ஆன்ட்டியின் பின்னறையில் வாடகைக்கு இருந்த மாணவன் அவ்வூர்க்காரன். அங்கே இந்த மாதத்தில் ஆறு உறைந்து கிடக்கும். நள்ளிரவில் குடும்பமே உட்கார்ந்து ஜியாவ்ஸி கொழுக்கட்டை பிடித்துத் தின்னும். இங்கே முப்பத்திரண்டு டிகிரி வெயிலில், பச்சை மீன் சாலட்டைச் சாப்ஸ்டிக்கால் ஆளாளுக்குத் தூக்கி எறிந்து கத்துவதைப் பார்த்து, இது எந்த நாட்டுப் பண்டிகை என்று அவன் என்னிடம் கேட்டான். சீனர்களின் பண்டிகை என்று தமிழன் ஒருவன் சீனனுக்குச் சொல்ல நேர்ந்தது. பக்கத்து வீட்டில் அவன் கையில் இரண்டு பழம் கொடுத்தபோது, நன்றி சொல்லி நின்ற இடத்திலேயே உரித்து, எல்லோருக்கும் ஆளுக்கொரு சுளை நீட்டினான். கூடமே அமைதியானது. வெறுங்கையோடு ஆளை அனுப்பக்கூடாதே என்று அந்த வீட்டார் ஓடிப்போய் வேறு இரண்டு பழம் கொண்டுவந்து அவன் பைக்குள் திணித்தார்கள். கணக்கில் இரண்டு உதைத்தது. அன்றிரவு அவன் மாவு பிசைந்து, மாடி முழுவதற்கும் கொழுக்கட்டை கொடுத்தான். அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை யாருக்கும் தெரியாததால் எல்லோரும் தின்றுவிட்டோம்.

‘ஆ’ என்ன ஆனது? பதினைந்தாம் இரவு சாப் கோ மே. மணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டி எஸ்பிளனேட் கடலில் ஆரஞ்சு எறிவார்கள். இப்போது பழத்தில் போன் நம்பரும் எழுதுகிறார்கள், கீழே இளைஞர்கள் வலை போட்டு அள்ளுகிறார்கள். சுழற்சியின் கடைசித் துறை இதுதான் என்று கருதி, டார்ச் விளக்கோடு போய் மிதக்கும் பழங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஏழெட்டு நம்பர் வாசித்திருப்பேன். வலைக்காரப் பையன் ஒருவன் என்னையும் என் நரையையும் பார்த்துவிட்டு, கூட வந்திருந்த என் மனைவியையும் பார்த்தான். ஆய்வு அத்துடன் இடைநிறுத்தப்பட்டது.

வீடு திரும்பி, எஞ்சிய சான்றையாவது படமெடுக்கலாம் என்று குளிர்பெட்டியைத் திறந்தேன். ‘அ’ இல்லை. எழுத்திருந்த தோல் மட்டும் மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் மகள்.

“அது ஆராய்ச்சிப் பழம்மா” என்றேன்.

“அதான் சப்புனு இருந்துச்சா” என்றாள்.