வடிவியல் வராமல் பிள்ளை வளர்ப்பது எப்படி?

கோலத்திலும் பூவிலும் இருக்கும் கணக்கைப் பிள்ளைக்குக் காட்ட முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. கெடுக்கும் வேலையில் பாதியை ஏற்கெனவே பிரமாதமாகச் செய்து வருகிறீர்கள். மீதிக்கு வழி இதோ.

1. முதலில் வரையறை. 'ஒழுங்கு அறுகோணம் என்பது' என்று பத்து முறை எழுத வையுங்கள். தேன்கூட்டைப் பிறகு காட்டலாம். காட்டாவிட்டாலும் குற்றமில்லை.

2. மார்கழியில் பாட்டி கோலப்பொடியோடு வாசலுக்குப் போகிறாரா? பிள்ளையை டியூஷனுக்கு விரட்டுங்கள். ஆபத்து சின்னதல்ல. நடுவரிசையில் 15 புள்ளி. இடைப்புள்ளியாக இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-ல் நிறுத்தினால், பக்கத்துக்கு 8 புள்ளியோடு அறுகோணம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். எண்ணினால் 169. "அட, 13-ஐ 13-ஆல் பெருக்கினாலும் இதுதானே!" என்று பிள்ளை கத்தினால் காரியம் கெட்டது. அடுத்து 'ஏன்?' என்று கேட்கும். உடனே ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டுங்கள்.

3. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் சகாக்களும் 1970-களில் கோலத்தை வைத்துக் கணினி அறிவியல் கட்டுரைகள் எழுதினார்கள். இது பாட்டிக்குத் தெரியக் கூடாது. அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியாது.

4. 'வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும்' என்று சொல்லி ஊட்டுங்கள். குறுக்கே நறுக்கிய வில்லையில் ஐந்து மூலை தெரியும், அதைப் பார்க்கவிடாதீர்கள். நறுக்கும்போது பக்கத்தில் வந்தால் "போய்ப் படி!" என்று துரத்துங்கள்.

5. ஃபிபொனாச்சி எண்களைப் பக்தியோடு போதியுங்கள். சூரியகாந்தியில் விதைச் சுழல்கள் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55. நம்பச் சொல்லுங்கள், எண்ணச் சொல்லாதீர்கள். மோனாலிசா, பார்த்தினான், பிள்ளையின் மூக்கு எல்லாவற்றிலும் தங்க விகிதம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இட்லிப்பூச் செடி இருந்தால் இன்றே வெட்டுங்கள். அதற்கு நாலு இதழ். 1, 2, 3, 5, 8 என்று ஒப்பிக்கும் பிள்ளை 4 எங்கே என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? (கேட்காது. முதல் வழியை ஒழுங்காகச் செய்திருந்தால்.)

6. 'இயற்கையில் வடிவங்கள்' புராஜெக்ட்டா? இரவு பத்து மணிக்குச் சார்ட் வாங்குங்கள். பிள்ளை தூங்கட்டும். ஜாமெட்ரி பாக்ஸை நீங்களே திறந்து, வட்டத்தை நீங்களே போடுங்கள். மார்க் குறைந்தால் மறுநாளே பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுங்கள். அது உங்கள் மார்க்.