மூடிமேல் பூனை: ஒரே வீட்டில் பூனையும் வளர்ப்புப் பாம்பும்

பூனையையும் பாம்பையும் ஒரே வீட்டில் வளர்ப்பது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல வீடுகளில் நடந்துவரும் ஓர் ஆய்வு. ஆய்வாளருக்குச் சம்பளம் கிடையாது. தீனிச் செலவும் அவருடையதே. பாம்பு பெரும்பாலும் தென்கிழக்கு அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக், அல்லது மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். இரண்டுக்கும் விஷமில்லை, 3 முதல் 5 அடி வளரும். வளர்ந்த பூனையை இவற்றால் விழுங்க முடியாது. குட்டிப் பூனையின் கணக்கு வேறு. பர்மியப் பைத்தான் போன்ற பெரும்பாம்புகள் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்பவை. வீட்டுக்கும் வெளியே நிற்பது நல்லது. (இந்தியப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே உள்ளூர் ஆர்வலர்கள் சாரைப்பாம்பைத் தேடிப் புறப்பட வேண்டாம்.)

நம் வழக்கு பாம்புக்கு எதிரே கீரியையும் பூனைக்கு எதிரே எலியையும் நிறுத்தியதோடு ஓய்ந்துவிட்டது. பூனையையும் பாம்பையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் பகையைவிட ஒற்றுமையே மிகுதி. இரண்டுக்கும் எலி பிடிக்கும். இரண்டும் பகலில் படுத்துக் கிடந்து, பொழுது சாய்ந்ததும் சுறுசுறுப்பாகும். மேலண்ணத்தில் மணமறியும் ஜேக்கப்சன் உறுப்பு இரண்டுக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டும் சூட்டுக்கு ஏங்குபவை. தொல்லை தொடங்குவதும் இந்த ஒற்றுமையில்தான்.

பாம்புத் தொட்டியின் வெப்பமான பகுதி ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸில் இருக்கும். பூனையின் உடல் இதமாக உணர்வது 30 முதல் 38 டிகிரி வரை. வீட்டுக்காரருக்குப் போதுமான 22 டிகிரி பூனைக்குக் குளிர். எனவே தன் பொருட்டே வெப்ப விளக்கு மாட்டப்பட்டதாக அது முடிவுசெய்து, தொட்டியின் கம்பிவலை மூடிமேல் சுருண்டுகொள்கிறது. மதில்மேல் பூனைக்கு இரண்டு பக்கம் உண்டு. மூடிமேல் பூனைக்கு ஒரே பக்கம்தான், அது கீழ்ப்பக்கம். நாலைந்து கிலோ எடையில் வலை தொய்கிறது, ஓரம் நழுவுகிறது, பிறகு பூனை உள்ளே இருக்கிறது, பாம்பு வெளியே இருக்கிறது. வலை தாங்கினாலும் காற்றோட்டம் அடைபடும். சூடான விளக்குக் கூண்டில் பூனையின் ரோமம் பொசுங்கும்.

மூடிமேல் தடித்த அகராதியை வைப்பது தொடக்கநிலை ஆய்வாளர்களின் முறை. பூனை அகராதிமேல் உட்காரும். முன்பக்கம் கண்ணாடிக் கதவு நகரும் மரப்பெட்டியும், கதவில் சாவிப்பூட்டும், மேற்புறம் கெட்டியான பலகையும்தான் தேறிய தீர்வு. பூட்டில்லாக் கண்ணாடியின் விளிம்பில் பூனை நகத்தைக் கொக்கியாக மாட்டி இழுக்கும். மறுபக்கம், தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் பாம்பு உடலையும் நுழைத்துவிடும். விளக்கு ஒரு கூண்டுக்குள் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் கம்பிகள் பூனைக்கு எட்டாமல் போக வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே பூனை மணிக்கணக்காக உற்றுப் பார்த்தபடி அமர்வதும் தாக்குதலில் ஒரு வகையே. மிரண்ட பாம்பு சாப்பிட மறுக்கும். பால் பைத்தான் காரணமே இல்லாமலும் மாதக்கணக்கில் பட்டினி கிடக்குமாதலால், குற்றத்தைப் பூனைமேல் நிறுவுவது கடினம். கண்ணாடித் தொட்டியானால் மூன்று பக்கமும் தாள் ஒட்டி மறைத்து, உள்ளே ஒளிந்துகொள்ள இரு பொந்துகள் வைத்துவிட்டால் வழக்கு தானே தள்ளுபடியாகும்.

அடுத்தது சமையலறை. உறைந்த எலியை வெந்நீரில் இளக வைக்கும் கிண்ணத்தைப் பூனை தனக்கான விருந்தாகவே பாவிக்கும். கிண்ணத்துக்கு மூடி வேண்டும். எலி தொட்ட கையைக் கழுவாமல் பாம்பைத் தூக்கினால், விரலும் உணவுப் பட்டியலில் சேரும். பாம்பைத் தொட்ட பின்னும் சோப்புப் போட்டே கழுவ வேண்டும், ஊர்வன சால்மோனெல்லாவைச் சுமப்பவை.

வேடிக்கைக்கு இடமில்லாத ஒன்று பெர்மெத்ரின். பாம்பின் செதிலடியில் ஒட்டும் உண்ணிகளைக் கொல்லச் சிலர் தெளிக்கும் இம்மருந்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகலாம். பூனையுள்ள வீட்டில் கால்நடை மருத்துவரைக் கேட்டு வேறு மருந்து வாங்குவதே முறை.

பாம்பை வெளியே எடுக்கும்போது பூனை வேறு அறையில், கதவு சாத்தி. பாம்பு தப்பிவிட்டால் தேடும் முன் பூனையை அடைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் அது எதை முறைத்துக்கொண்டிருந்தது என்று பார்ப்பது பயன்தரும். பெரும்பாலும் பிரிட்ஜின் பின்பக்கம். பூனை கவ்விய பாம்பில் புண்ணே தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனை வாயிலுள்ள பாஸ்டரெல்லா பாக்டீரியா சிறு பல்துளை வழியாகவே உள்ளே போய்விடும்.