கை மட்டும் தெரிகிறது, துவான்

பெறுநர்:
தலைவர்,
திரைப்படத் தணிக்கை வாரியம்,
உள்துறை அமைச்சு, புத்ராஜெயா.

துவான்,

பெர்காரா (பொருள்): நன்றி தெரிவித்தல்

உங்கள் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதி ‘இதை ஏன் வெட்டவில்லை’ என்றும் மீதி ‘இதை ஏன் வெட்டினீர்கள்’ என்றும் இருக்கும். இது இரண்டிலும் சேராது. ஈப்போவிலிருந்து ஒருவன் நன்றி சொல்ல எழுதுகிறான். நீங்கள் வெட்டியதற்கு அல்ல, விட்டதற்கு.

தொடங்கும் முன் ஓர் ஏற்பாடு. இந்தக் கடிதத்தில் ‘என் நண்பன்’ என்று ஒருவன் அடிக்கடி வருவான். அவன் யார், எந்த ஊர், கல்யாணம் ஆனவனா என்றெல்லாம் கேட்க வேண்டாம். குற்றவியல் சட்டத்தில் 377 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 20 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் எழுதியிருக்கிற நாட்டில், எல்லாருக்கும் அப்படி ஒரு நண்பன் இருப்பதுதான் வசதி. நானும் அவனும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயம். ஒரே வீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பார்த்த முதல் தணிக்கையாளர் உங்கள் வாரியத்தைச் சேர்ந்தவர் அல்ல. தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் ஓட்ட வருவாரே, அந்த ஓப்பரேட்டர்தான். கதாநாயகனும் நாயகியும் மரத்தைச் சுற்றி முடித்து முகத்துக்கு முகம் வரும்போது, லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துவிடுவார். திரை இருண்டுவிடும் என்பது அவர் நினைப்பு. விளக்கின் வெளிச்சத்தில் விரல்களின் ஓரம் சிவந்து தெரியும். திரையில் யானைக்காது அளவுக்கு ஒரு கையின் நிழல் ஆடும். பாய் விரித்து உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அப்போதுதான் தெரியும், அங்கே ஏதோ நடக்கிறது என்று. அதுவரை பாதிப் பேர் கச்சான் பூத்தே கடலைப் பொட்டலத்தில்தான் கண்ணாக இருந்திருப்போம்.

அந்தக் கையைப் பிறகு ஒரு புத்தகத்தில் பார்த்தோம். சிவகாசியிலிருந்து 1972-இல் புறப்பட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. நாலைந்து ஆண்டு கழித்து, அட்டை கிழிந்து, யார் யார் கைபட்டோ எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது. கதை துவானுக்குத் தெரிந்திருக்காது. விபத்தில் ஒரு கையை இழந்தவனுக்கு இரும்புக்கை பொருத்துகிறார்கள். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. காற்றில் தனியாக மிதந்து வரும்.

என் நண்பன் அதை நூறு தடவை படித்திருப்பான். முழுசாக மறைந்துவிட வேண்டும், யார் கண்ணிலும் படக்கூடாது என்று பத்து வயதிலேயே அவனுக்கு ஏன் தோன்றியது என்று அவனுக்கே தெரியாது. ஒரே சிக்கல், மாயாவிக்கு மின்சாரம் வேண்டும். எங்கள் தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். லயத்து நடுச்சுவரோ கூரை வரை எட்டாது. இந்த வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள். மாயாவியே வந்திருந்தாலும் எங்கள் லயத்தில் மறைந்திருக்க முடியாது. வேறு வித்தைதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லார் கண் முன்னாலும் நின்றுகொண்டே மறைவது.

இப்போது நன்றிக்கு வருகிறேன். 2003-இல் எக்ஸ்-மென் வரிசையின் இரண்டாவது படம் இங்கே திரைக்கு வந்தது. நீங்கள்தான் அனுமதித்தீர்கள். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963-இல் படைத்த பாத்திரங்கள். மனிதர்களுக்குப் பிறந்து, பருவ வயதில் ஒருநாள் தாங்கள் வேறு மாதிரி என்று கண்டுகொள்ளும் பிள்ளைகள். கறுப்பர்கள், யூதர்கள் என்று பலர் அந்தக் கதையைத் தங்கள் கதையாகப் படித்தார்கள். என் நண்பன் வகையறாவுக்கு அது ஒருபடி கூடுதலாகப் பொருந்தியது. பள்ளியில் ஒருவன் ‘கெலிங்’ என்று இனத்தைச் சொல்லி ஏசினால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழலாம். அம்மாவும் அதே ஏச்சை வாங்கியவள். அள்ளி அணைத்துக்கொள்வாள். இந்த இன்னொரு ஏச்சை வாங்கினால் முதலில் மறைக்க வேண்டியது அம்மாவிடம்தான். வீட்டில் வேறு யாருக்கும் இல்லாதது தனக்கு மட்டும் எப்படி வந்தது என்று ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து யோசிக்கிற கதையை, அந்த முகமூடிப் படங்களைப்போல யாரும் சொல்லவில்லை.

அந்தப் படத்தில் பாபி என்றொரு பையன். தொட்டதைப் பனிக்கட்டியாக்குவான். பெற்றோர், தம்பியோடு வரவேற்பறையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்கிறான். இதெல்லாம் இல்லாமல் இருந்து பார்க்கக்கூடாதா என்பதுபோல அம்மா கேட்கிறாள். தம்பி மாடிக்குப் போய் போலீசுக்குப் போன் போடுகிறான். திரையில் முத்தமில்லை, கட்டிலில்லை, ஒரு கோப்பைத் தேநீர் மட்டும். அதனால் உங்கள் கத்தரிக்கு வேலையில்லை. ஈப்போப் பேரங்காடித் தியேட்டரில் அன்று என் நண்பனுக்கு இடப்பக்கம் அவன் அம்மா. இருபத்தைந்து வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை, மடியில் பாப்கார்ன். ஆங்கிலம் வராது, அடியில் ஓடும் மலாய் எழுத்தைப் படிக்கிற வேகமும் கிடையாது.

“ஏன்டா, அந்தப் பையனுக்கு என்னா?”

“அவன் தொட்டா ஐஸ் ஆயிரும்மா.”

“அதுக்கு ஏன் அவங்கம்மா மொகத்த அப்புடி வச்சிருக்கு?”

“புடிக்கலையாம்.”

அவர் இன்னும் நாலு பாப்கார்னை மென்றார். “கரண்டு இல்லாத லயத்துல இப்புடி ஒரு புள்ள இருந்திருந்தா ஐஸ் பொட்டி வாங்கியிருக்க வேணாம்ல. கொறயா இது?”

என் நண்பனால் அதற்குமேல் படத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சியை முழுசாக விட்டதற்குத்தான், துவான், இந்த நன்றி. அந்த பாபி 2015-இல் தான் ஓரினக் காதலன் என்று காமிக்ஸ் புத்தகத்தில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டான். 2003-இல் குத்திய முத்திரையைத் திரும்ப வாங்க விதியில் இடமிருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது படம் 2006-இல் வந்தது. அதில் ஒரு மருந்து நிறுவனம் மருந்து கண்டுபிடிக்கிறது. ஊசி போட்டால் சக்தி போய்விடும், நீங்களும் எல்லாரையும்போல ஆகிவிடலாம். யாரையும் தொட முடியாத ஒரு பெண் வரிசையில் நின்று அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறாள். உங்களுக்கு மிகவும் பிடித்திருக்கும். 2010-இல் விதியைத் தளர்த்தினீர்களே, அப்போது தயாரிப்பாளர்கள் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது இதுதானே: ஓரினக் காதலர்களைத் திரையில் காட்டலாம், ஆனால் முடிவில் வருந்த வேண்டும், அல்லது திருந்த வேண்டும். மறு ஆண்டே ‘டாலாம் போத்தோல்’ வந்தது. காதலனுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் கடைசிவரை வருந்துகிறான். விதி நிறைவேறியது, படமும் ஓடியது.

ஆனால் 2006 படத்தின் கடைசிக் காட்சியை உங்கள் அறையில் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம். பசியாற எழுந்து போயிருப்பார்கள். ஊசி போட்டு சக்தி போன கிழவர் மேக்னெட்டோ பூங்காவில் உலோகச் சதுரங்கக் காய்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். விரலை நீட்டுகிறார். காய் லேசாக, மிக லேசாக அசைகிறது. அவ்வளவுதான், படம் முடிந்தது. மருந்து வேலை செய்யவில்லை, துவான். அதையும் விட்டீர்கள்.

அந்தக் கிழவராக நடித்த இயன் மெக்கெல்லன் 1988-இலேயே பிபிசி வானொலியில் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னவர். எக்ஸ்-மென் கதையில் தன்னை இழுத்ததே இந்த உவமைதான் என்று பேட்டிகளிலும் சொல்லியிருக்கிறார். 2017-இல் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தில் லெஃபூ என்ற அல்லக்கை ஒருவன் வரும் காட்சியை வெட்டச் சொன்னீர்கள். டிஸ்னி மறுத்தது. மேல்முறையீட்டுக் குழு வெட்டில்லாமலேயே விட, மார்ச் 30-இல் படம் வந்தது. அத்தனை அமளியிலும் அதே படத்தில் பேசும் கடிகாரமாக வருவது யார் குரல் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே மெக்கெல்லன்.

அன்று கடிகாரத்தைக் கோட்டை விட்டதை உங்கள் அமைச்சு மறக்கவில்லை போலும். 2023 மே மாதம் கடைகளில் புகுந்து 172 வானவில் நிற ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களை அள்ளிக்கொண்டு போனது. வாரண்ட் இல்லாமல் எடுத்ததால் திருப்பிக் கொடுங்கள் என்று 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் சொன்னது. (வானவில்லையும் கைது செய்வீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. புந்தோங் கோப்பிக் கடையில் அந்த நகைச்சுவையை அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள்.)

உங்கள் அமைச்சுக்கு வீரநாயகர்களோடு பழைய பகை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். 2014-இல் அல்ட்ராமேன் காமிக்ஸ் ஒன்றைத் தடை செய்தீர்கள், மொழிபெயர்ப்பில் ‘அல்லாஹ்’ என்ற சொல் வந்துவிட்டதென்று. அதற்கும் முன்னால், 1995-இல், பவர் ரேஞ்சர்ஸ் தொடரின் பெயரில் இருந்த ‘மார்ஃபின்’ என்ற சொல் போதைமருந்துபோலக் கேட்கிறது என்று நம் அதிகாரிகள் நடுங்கினார்கள். காதில் விழுகிற சொல்லுக்கு அவ்வளவு கவனம். 2022-இலும் அதே கவனம்தான். ‘லைட்இயர்’ படத்தில் இரண்டு பெண்கள் கண்மூடித் திறப்பதற்குள் முத்தமிட்டுக்கொள்வதை வெட்டச் சொன்னீர்கள். டிஸ்னி வெட்டமாட்டேன் என்றது, படம் வரவில்லை. அடுத்து ‘தோர்’. சுத்தியலைத் தூக்கிக்கொண்டு திரிகிற அந்த முரட்டு ஆள் ஏன் வரவில்லை என்பதற்கு, எல்ஜிபிடி அம்சம் இருக்கிறது என்று துணையமைச்சர் நாடாளுமன்றத்திலேயே விளக்கம் சொன்னார். அதுவரை தோர் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் நண்பன், அப்படி என்னதான் இருக்கிறது என்று சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினான். ஓப்பரேட்டரின் உள்ளங்கை ஞாபகம் வந்ததாகத் திரும்பி வந்து சொன்னான்.

இந்த எல்ஜிபிடி எல்லாம் மேற்கிலிருந்து வந்தது என்கிறீர்கள். வந்ததைப் பற்றிப் பேசினால் பேரா மாநிலத்தில் தனியாக ஒரு புத்தகம் போட வேண்டும். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, பிரேசில் விதை. அதில் பால் எடுக்க என் நண்பனின் தாத்தாவை ரஜூலா கப்பலில் ஏற்றி வந்தார்கள். 377 அதற்கும் முந்திய ஏதோ ஒரு கப்பலில் லண்டன்காரன் பெட்டியில் வந்தது. அவன் தன் ஊரில் 1967-இல் அதைக் கைகழுவத் தொடங்கினான். இந்தியா 2018-இலும் சிங்கப்பூர் 2022-இலும் விட்டன. மரத்தை வெட்டிச் செம்பனை போட்டோம். லயத்தை இடித்து வீடமைப்புத் திட்டம் போட்டோம். தாத்தாவையும் எரித்தாயிற்று. அந்த மூன்று இலக்கம் மட்டும் பிரஜாவுரிமை வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லி வைக்கிறேன், நன்றிக்கடனாக. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் விராட பருவம் கூத்து நடக்கும். வில்லாளி அர்ஜுனன் பிருகன்னளையாகச் சேலை கட்டி, வளையல் போட்டு, அரண்மனைப் பெண்பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுப்பான். நேற்றுவரை எங்களோடு காலைப் பெரட்டில் வேலைக்கு நின்ற ஆள்தான் அந்த வேஷம் கட்டியிருப்பார். வெட்ட ஒரு இடமும் இல்லை, எங்கே வெட்டினாலும் கதை நின்றுவிடும். பாண்டவர்களுக்கு ஓராண்டு அஞ்ஞாதவாசம். முடிந்ததும் மரத்தில் ஒளித்து வைத்த காண்டீபத்தை எடுத்து நாணேற்றி, நான் யார் தெரிகிறதா என்றான். என் நண்பனுக்கு இது முப்பத்தைந்தாவது ஆண்டு. காண்டீபத்தை எந்த மரத்தில் கட்டி வைத்தான் என்று தேடிப் போனால், அந்த மரமே இப்போது இல்லை. அங்கே செம்பனை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அம்மாவுக்குப் போன மாதம் கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், படத்துக்குக் கூட்டிப் போ என்கிறார். முத்தமோ சண்டையோ எதுவும் இருந்துவிட்டுப் போகட்டும், முழுசாக ஓடும் படமாக ஒன்றைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். காட்சி ஓடிப் போய்விட்டால் அவர் எதுவும் கேட்கமாட்டார், பாப்கார்னைப் பார்த்துக்கொள்வார். நடுவில் குதித்தால்தான் தொல்லை. “ஏன்டா கட் பண்ணிட்டாங்க, அங்க என்னா இருந்துச்சு?” என்று என் பக்கம் திரும்பிக் கேட்பார், அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில்.

மேலே இரண்டு வரியில் ‘அம்மா’ என்றும் ‘என் பக்கம்’ என்றும் விழுந்துவிட்டது. ‘நண்பனின் அம்மா’, ‘அவன் பக்கம்’ என்று திருத்திப் படிக்கவும். அல்லது உங்கள் வழக்கப்படி அந்த இடத்தில் கையை வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரும்புக்கை மாயாவி,
ஈப்போ.