பழசைப் பழசாகவே புதுசாக்குவது

லாரிக்குப் பாடி கட்ட வேண்டுமா, நாமக்கல். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியா, திருச்செங்கோடு. பஸ்ஸா, பேசாமல் கரூருக்குப் பஸ் ஏறிவிட வேண்டும். சக்கரத்தின் மேல் எதைக் கட்டி வைப்பதென்றாலும் எங்கள் பக்கத்தில் அதற்கென்று ஓர் ஊர் உண்டு. இப்படிப்பட்ட சீமையில் போய், லாரியும் இல்லாத பஸ்ஸும் இல்லாத ஒன்றை நான் வாங்கினேன்.

அது ஒரு டிரெய்லர். சேலத்தில் மூடிப்போன ஒரு நூல் மில்லுக்கு நைட் ஷிஃப்டில் டீயும் போண்டாவும் சுமந்த கேன்டீன் வண்டி. நீளம் பதினைந்து அடி, இரண்டு சக்கரம், மேலே உருண்டையான கூரை, உடம்பு முழுக்க அலுமினியத் தகடும் ரிவெட்டும். பழைய இரும்புக்கடையில் வேலியோரம் கிடந்தது. உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. கடைக்காரர் அதை எடை மேடையில் ஏற்றலாமென்றார். "கிலோவுக்குப் போட்டா ஒரு வெலைங்க. வண்டியாவே வேணும்னா வேற வெலைங்க." வண்டியாகவே வேண்டுமென்று சொன்ன முதல் ஆள் நான்தான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. விலையிலும் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படம். நூலகத்தில் ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டும்போது ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க டிரெய்லரைப் பார்த்துவிட்டேன். பாலைவனத்தில் வெள்ளிக் கூழாங்கல் போல நின்றது. லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டிய தொழிற்சாலையில் வேலைகளை மேற்பார்த்தவர் ஹாவ்லி போலஸ். அவர் 1934-இல் விமானம் கட்டும் அதே முறையில் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து ஒரு வீட்டு வண்டி செய்தார். அவர் கம்பெனி சீக்கிரமே படுத்துவிட, வாலி பயம் என்பவர் அந்த வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்று விற்றார். பயம் என்பது அவர் பெயர்தான். எனக்கு வந்திருக்க வேண்டியது.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது? நிலாவிலிருந்து ஆரம்பித்தேன். 1969-இல் அப்பல்லோ 11 திரும்பி வந்தபோது, நிலாக் கிருமி ஏதும் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் கப்பல் மேலேயே ஓர் ஏர்ஸ்ட்ரீம் வண்டிக்குள்தான் வைத்திருந்தார்கள்; அமெரிக்க ஜனாதிபதி நிக்சனே அதன் ஜன்னல் வழியாகத்தான் பேசினார் என்றேன்.

"அடைச்சு வெச்சாங்கன்னு நீங்களே சொல்றீங்க" என்றாள் என் மனைவி.

வண்டி வந்து இறங்கிய அன்று தெருவே கூடியது. கேரவன் என்று ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். "எந்த நடிகருங்க வர்றாரு?" என்று ஒரு வாரம் ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. இத்தனைக்கும் சேலம் ஏற்காடு ரோட்டில் 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேல் படம் எடுத்தது. எந்த ஹீரோவுக்கும் கேரவன் கிடையாது. சுந்தரத்திடம் போய் யாராவது கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது எனக்கு இப்போதும் ஒரு பொழுதுபோக்கு.

நாமக்கல்லில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு மேஸ்திரி வந்து பார்த்தார். வண்டியை ஒரு சுற்று வந்தார். டயரை உதைத்தார். டயர் உதிர்ந்தது.

"புதுசாக் கட்டிரலாங்க சார். இருபது நாளுங்க."

"புதுசு வேண்டாங்க மேஸ்திரி. பழசாவே இருக்கணும்."

"அது இப்பவே பழசாத்தானுங்களே இருக்குது? அப்புறம் எதுக்குங்க என்னைக் கூப்பிட்டீங்க?"

இதற்கு நான் சொன்ன பதில் அரைமணி நேரம் நீண்டது. பழைய தகடு அப்படியே இருக்க வேண்டும், ஆனால் ஓட்டை இருக்கக் கூடாது. பழைய ரிவெட் வரிசை மாறக் கூடாது, ஆனால் ரிவெட் புதுசாக இருக்க வேண்டும். பார்த்தால் ஐம்பது வருஷப் பழசு, தொட்டால் நேற்றுக் கட்டியது. மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொண்ணு பாக்கப் போறவங்க பேசற மாதிரி பேசறீங்க சார்" என்றார். இந்தியா பூராவும் ஓடும் வண்டிகளுக்கு உடம்பு கட்டிக் கொடுத்த ஊரில், ரெஸ்டோர் பண்ணுவது என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஓடுகிற வண்டிக்கு எஃப்.சி. காட்ட வேண்டும், ஓடாததை உடைக்க வேண்டும், நடுவில் ஏது?

அவரை மடக்கியது நான் அல்ல, அந்தத் தகடு. சுரண்டிப் பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார். அவருடைய அப்பா கொல்லிமலையிலிருந்து மேட்டூருக்கு பாக்சைட் லோடு அடித்தவராம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்த கதைதான். மேட்டூரில் 1965 முதல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி ஓடியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் செம்மண் கட்டி போலத் தோண்டியதைக் கீழே கொண்டுவந்து, மேட்டூரில் உருக்கி வெள்ளை உலோகமாக எடுத்தார்கள். இன்று அந்த உலையும் இல்லை, மலையிலிருந்து லோடும் இல்லை. என் டிரெய்லரின் தகடு அங்கே உருகியதா, வேறெங்கோ உருகியதா என்பதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. மேஸ்திரிக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. "இது எங்கப்பன் ஓட்டுன மண்ணுங்க சார். கட்டிரலாம்" என்றார். நானும் மறுத்துப் பேசவில்லை. வரலாறு நமக்குச் சாதகமாகத் திரும்பும்போது குறுக்கே விழக் கூடாது.

முதல் தொல்லை திருகாணி. மில்லில் யாரோ புண்ணியவான் தளர்ந்த இடமெல்லாம் இரும்புத் திருகாணியைப் போட்டு இறுக்கியிருந்தார். இரும்பும் அலுமினியமும் மழைத்தண்ணீரில் ஒன்றாக நனைந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும், தேய்வது அலுமினியம்தான். திருகாணியைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்து, தொட்டால் தகடு பொடியாக உதிர்ந்தது. ஆர்கான் வெல்டிங் வைக்கலாமென்று ஒரு தம்பியைக் கூட்டி வந்தோம். கனமான டேங்கரெல்லாம் ஒட்டுகிறவர். மெல்லிசான பழைய தகட்டில் அவர் கை ஓடவில்லை. இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் 660 டிகிரி வரை முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டு, பொத்தென்று உருகி விழும். என் மாமனாரும் அந்த ரகம் என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை. வெல்டர் தம்பிதான் பயந்துவிட்டார். ஓர் அங்குல ஓட்டையை ஆறு அங்குலமாக்கி, காசு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே ரிவெட்தான். பாப் ரிவெட் என்றால் வெளியிலிருந்தே ஒரு ஆள் அடித்துவிட்டுப் போகலாம். அசல் வேலைக்குக் கெட்டி ரிவெட் வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியே நின்று அடிக்க, இன்னொருவர் உள்ளே இரும்புக் கட்டையை அண்டக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே இருந்தது நான். சித்திரை வெயில், அலுமினியப் பெட்டி, காதுக்கு நேராகச் சுத்தி. 1,400 சொச்சம் ரிவெட். வேலை முடிந்த பிறகு ஒரு வாரம் எனக்குக் காது கேட்கவில்லை. அந்த வாரம் வீட்டில் யாரும் என்னோடு சண்டை போடவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெருகேற்றுவதற்கு நாமக்கல்லில் ஆள் இல்லை. பெயின்ட் அடிக்க நூறு பேர் இருந்தார்கள். ஒரு பெயின்டர் முகப்பில் ரெண்டு கண்ணும், பின்னால் மயிலும், என் பேரன் பேரும் எழுதித் தருவதாக மூன்று முறை வீட்டுக்கே வந்தார். நான் ஒரு துண்டுத் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன இடம். அங்கே ஒரு பட்டறையில் தகட்டைக் கொடுத்து, இதைக் கொலுசு மாதிரிப் பளபளக்கச் செய்ய முடியுமா என்று கேட்டேன். பட்டறைக்காரர் தகட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார், சுண்டினார், என்னைப் பார்த்தார். "எவ்வளவு இருக்குங்க?" பதினைந்து அடி என்றேன். "காலு எவ்வளவு பெருசுங்க?" என்றார்.

ஆனாலும் நல்ல மனிதர். எந்தத் துணிச் சக்கரம், எந்தக் கட்டி மருந்து, எந்தப் பக்கமாகத் தேய்ப்பது என்று சொல்லித் தந்தார். தேய்க்கத் தேய்க்கத் தகட்டிலிருந்து கறுப்பாக மை வழியும். வண்டி வெளுத்த அளவுக்கு நான் கறுத்தேன். இரண்டு மாதத்தில் ஒரு பக்கம் முகம் பார்க்கலாம் போல ஆயிற்று. பார்த்தேன். உடனே குளிக்கத் தண்ணீர் வைக்கச் சொன்னேன்.

மழை வந்ததும் கூரை ஒழுகியது. நான்கு இடத்தில். மேஸ்திரியிடம் போனில் குறைபட்டுக்கொண்டேன். "சார், நம்மூரு ஆஞ்சநேயரு பதினெட்டு அடி உசரம் நிக்கறாருங்க. அவருக்கே மேல கூரை இல்லீங்க. உங்களுக்கு நாலு சொட்டு ஒழுகுதுன்னு கேக்கறீங்களே" என்றார். பக்தியை இப்படிப் பயன்படுத்தினால் யார்தான் எதிர்த்துப் பேச முடியும்? மறுநாள் வந்து பூச்சு வைத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரவில் சத்தம் வேறு. டக்... டக்... என்று உள்ளே யாரோ விரலால் தட்டுவது போல. அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பகலில் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் என் பதினைந்து அடித் தகடு நாலு மில்லிமீட்டர் நீளும், அடியில் இருக்கிற இரும்புச் சட்டம் பாதிதான் நீளும். பொழுது சாய்ந்ததும் இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்பும்போது ஒன்றோடொன்று உரசும். இதையெல்லாம் தோட்டத்துக் காவல்காரரிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். காலையில் பார்த்தால் கதவில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின.

கடைசியில் ஆர்.சி. டிரெய்லருக்கும் பதிவு உண்டு என்பது எனக்கு வாங்கும்போது தெரியாது. மில்லோடு அந்தக் காகிதமும் மூடிப்போயிருந்தது. ஏஜென்ட் ஒருவர், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, எல்லாவற்றையும் ஒப்பித்தார். "நான் ஒன்றையும் மாற்றவில்லை, பழையபடியே ஆக்கினேன்" என்றேன். "அப்படின்னா கேன்டீன்னு எழுதிக் கொடுங்க. போண்டா போடுவீங்களா?" என்றார்.

கொல்லிமலைக்குப் போவதாகத்தான் திட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவு. இப்போது வண்டி ராசிபுரம் பக்கம் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. சின்ன வெங்காயம் கொட்டி வைக்கலாமென்று மாமியார் கேட்டார்கள். காற்றோட்டம் இல்லாமல் அழுகிவிடும் என்று சொல்லித் தப்பினேன். மதியத்தில் உள்ளே முட்டை அவியும் என்று மனைவி சொல்கிறாள். ஆறு மணிக்கு மேல் அவளே உள்ளே போய் டீ குடிக்கிறாள் என்பதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

இடது பக்க ஜன்னலுக்கு மட்டும் இன்னும் ரப்பர் கிடைக்கவில்லை. அரை அங்குல அகலம், நடுவில் பள்ளம், ஓரம் உருண்டை. பழைய மெட்டடார் வேனில் இருந்தது போல. ஏழடி நீளம் போதும். உங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்படிப்பட்ட வேன் எதுவும் கோழி அடைக்க நின்றுகொண்டிருந்தால், கோழிக்கு வேறு ஏற்பாடு நான் செய்து தருகிறேன், ரப்பரை மட்டும் எடுத்து வையுங்கள்.